‘புளூ பாய்’ ஓவியத்தைப் பார்க்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

பளபளக்கும் நீலப் பட்டு உடை, கையில் இறகு செருகிய தொப்பி, இன்னொரு கையை இடுப்பில் ஊன்றி நம்மை நேராகப் பார்க்கும் ஒரு பையன். தாமஸ் கெய்ன்ஸ்பரோவின் ‘தி புளூ பாய்’ ஓவியத்தை அச்சுப்படமாகவாவது எங்கேயோ பார்த்திருப்பீர்கள். 18-ஆம் நூற்றாண்டு இங்கிலாந்தில் பணமும் பெயரும் உள்ளவர்கள் தேடிப்போன உருவப்பட ஓவியர் அவர். அசல், கலிஃபோர்னியாவின் சான் மரினோவில் ஹன்டிங்டன் கலைக்கூடத்தில் இருக்கிறது. ஏறக்குறைய 6 அடி உயரம், 4 அடி அகலம். இவ்வளவு புகழ் பெற்ற படம் என்பதாலேயே இதைச் சுற்றிக் கதைகளும் ஏராளம். பல கதைகள் ஆண்டுக்கணக்கைச் சரிபார்த்தாலே உதிர்ந்துவிடும்.

முதலில், உடையை வைத்து ஆளை எடைபோடுவது. இவன் ஓர் இளவரசன், குறைந்தபட்சம் ஒரு பிரபு வீட்டுப் பிள்ளை என்றுதான் பார்த்ததும் தோன்றும். ஆனால் இந்தப் படம் 1770-ல் லண்டனில் கலைஞர்களின் அமைப்பான ராயல் அகாடமியின் கண்காட்சியில் வைக்கப்பட்டபோது அந்த மாதிரி உடையில் யாரும் தெருவில் நடக்கவில்லை. அது நூறு ஆண்டுகளுக்கும் முந்தைய பாணி. 1641-ல் இறந்துபோன ஓவியர் வான் டைக், இங்கிலாந்தின் முதலாம் சார்லஸ் மன்னரின் அவையில் இருந்தவர்களை வரைந்த காலத்து உடை. மாறுவேட விருந்துகளுக்கும் உருவப்படங்களுக்கும் ‘வான் டைக் உடை’ அணிவது கெய்ன்ஸ்பரோ காலத்தில் ஒரு மோகமாக இருந்தது. இதே நீல உடை அவர் வரைந்த வேறு சில பையன்களின் படங்களிலும் வருகிறது. தன் சகோதரி மகன் எட்வர்ட் கார்டினரையும் அவர் இந்த உடையில் வரைந்திருக்கிறார். அதாவது உடை பையனுடையது அல்ல, ஓவியருடையது. நம் ஊர்ப் பழைய போட்டோ ஸ்டுடியோக்களில் ஆணியில் ஒரு கோட்டு தொங்கும், வருகிறவர்கள் எல்லாரும் அதையே மாட்டிக்கொண்டு படம் எடுத்துக்கொள்வார்களே, கிட்டத்தட்ட அந்தக் கதைதான்.

சரி, பையன் யார்? ஜொனாதன் பட்டால் என்று நீண்ட காலமாகச் சொல்லிவந்தார்கள். இன்றும் பல இடங்களில் அதை முடிந்த விஷயமாக எழுதுகிறார்கள். பட்டால் லண்டன் இரும்புச் சாமான் வியாபாரியின் மகன், கெய்ன்ஸ்பரோவின் நண்பர், இந்தப் படத்தைச் சொந்தமாக வைத்திருந்தவர். 1796-ல் அவர் திவாலானபோது படம் கைமாறியது. படம் அவரிடம் இருந்தது என்பதால் படத்தில் இருப்பவரும் அவரே என்று சொல்லிவிட முடியாது. மேலும் அவர் பிறந்தது 1752-ல். 1770-ல் 18 வயது. படத்தில் நிற்பவன் அதைவிடச் சிறியவனாகத் தெரிகிறான். ஓவியரின் இன்னொரு சகோதரி மகனும் பின்னாளில் அவருக்கு உதவியாளராக இருந்தவருமான கெய்ன்ஸ்பரோ டுபாண்ட்தான் இவன் என்று பல ஆய்வாளர்கள் இப்போது கருதுகிறார்கள். எனக்கும் அதுவே பொருத்தமாகப் படுகிறது. ஆனாலும் ‘கருதுகிறார்கள்’ என்ற சொல்லை விட்டுவிடாமல் எழுதுவதே நேர்மை.

இந்தப் படத்தைப் பற்றி அதிகம் பரவிய கதை ஜோஷ்வா ரெனால்ட்ஸைப் பற்றியது. ராயல் அகாடமியின் முதல் தலைவர், கெய்ன்ஸ்பரோவின் தொழில் போட்டியாளர். படத்தில் ஒளி விழும் முக்கியப் பகுதிகள் மஞ்சள், சிவப்பு போன்ற வெதுவெதுப்பான நிறங்களில் இருக்க வேண்டும், நீலமும் பச்சையும் அவற்றை எடுத்துக்காட்டும் அளவுக்கு ஓரமாக வந்தால் போதும் என்று அவர் மாணவர்களுக்குச் சொன்னார். அதைக் கேட்டுக் கோபமான கெய்ன்ஸ்பரோ, நடுவிலேயே நீலத்தை நிறுத்தி ‘புளூ பாய்’ வரைந்து பதிலடி கொடுத்தாராம். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் ரெனால்ட்ஸின் அந்த உரை 1778 டிசம்பரில் நிகழ்ந்தது. படம் கண்காட்சிக்கு வந்தது 1770-ல். எட்டு ஆண்டுகள் கழித்துச் சொல்லப்போகிற கருத்துக்கு யார் முன்கூட்டியே பதில் வரைவார்கள்? கெய்ன்ஸ்பரோவின் குறி ரெனால்ட்ஸ் அல்ல, வான் டைக். அந்தப் பழைய மேதையின் பக்கத்தில் தன்னை நிறுத்திப் பார்க்கும் ஆசைதான் இந்த உடையிலும் இந்த நிற்கும் தோரணையிலும் தெரிகிறது. ‘நாம் எல்லாரும் சொர்க்கத்துக்குப் போகிறோம், வான் டைக்கும் கூட வருகிறார்’ என்பது 1788-ல் சாகும் தறுவாயில் அவர் சொன்னதாகக் கூறப்படும் வாசகம்.

போட்டி இருந்தது உண்மை. ஆனால் பகை என்று ஊதிப் பெருக்க வேண்டியதில்லை. நோய்ப் படுக்கையில் இருந்த கெய்ன்ஸ்பரோ ரெனால்ட்ஸுக்குக் கடிதம் எழுதி வரவழைத்தார். அவர் இறந்த பிறகு ரெனால்ட்ஸ் தன் அகாடமி உரை ஒன்றை முழுக்க அவருக்காகவே ஒதுக்கினார்.

பணக்காரர்களை வரைந்தவர் என்பதால் கெய்ன்ஸ்பரோ அந்தக் கூட்டத்தில் மயங்கிக் கிடந்தார் என்று நினைப்பதும் தவறு. சஃபோக் மாவட்டத்துச் சட்பரி என்ற சிற்றூரில் பிறந்தவர். 1759-ல் பாத் நகரத்துக்குக் குடிபோனார். வெந்நீர் ஊற்றுகளுக்காகச் சீமான்கள் வந்து குவியும் ஊர் அது, வாடிக்கையாளர்களுக்குக் குறைவே இல்லை. 1774-ல் லண்டன் போனார். அவருடைய மனம் லயித்ததென்னவோ இயற்கைக் காட்சிகளில். உருவப்படங்கள் சலித்துவிட்டன, என் வயோலா ட காம்பாவை (வில்லால் வாசிக்கும் ஒரு நரம்பிசைக் கருவி) எடுத்துக்கொண்டு ஏதாவது ஓர் அழகான கிராமத்துக்குப் போய் இயற்கைக் காட்சி வரைய வேண்டும் என்று நண்பருக்குக் கடிதமே எழுதினார்.

‘பிங்கி’ என்ற ஓவியத்தை ‘புளூ பாய்’க்கு ஜோடியாக நினைப்பது இன்னொரு தவறு. தாமஸ் லாரன்ஸ் வரைந்த சாரா மோல்டன் என்ற சிறுமியின் படம் அது, 1794-ல் வரைந்தது. கெய்ன்ஸ்பரோ அப்போது உயிரோடு இல்லை. இரண்டையும் வாங்கிச் சேர்த்தவர் அமெரிக்க ரயில்வே செல்வந்தர் ஹென்றி ஹன்டிங்டன். ‘புளூ பாய்’ 1921-ல், ‘பிங்கி’ 1927-ல். ஒரே வீட்டில் சேர்ந்ததால் இணைபிரியாதவர்கள் ஆனார்கள். ஆணுக்கு நீலம், பெண்ணுக்கு ரோஸ் என்ற வழக்கத்துக்கு இந்த ஜோடியைச் சான்றாகக் காட்டுவதும் எடுபடாது. சாராவின் உடை வெள்ளை, தொப்பியும் இடுப்புப் பட்டையும்தான் ரோஸ்.

1921-ல் கொடுத்த விலை 7,28,800 டாலர் என்பார்கள். அன்றைக்கு அது உலகச் சாதனையாகப் பேசப்பட்டது. கப்பல் ஏறுமுன் லண்டன் நேஷனல் கேலரியில் சில வாரங்கள் வைத்தபோது சுமார் 90,000 பேர் வந்து பார்த்தார்கள். இந்தப் பரபரப்பை வைத்து, பிறந்தபோதே இது பெரும் பணம் புரண்ட படம் என்று எண்ண வேண்டாம். கெய்ன்ஸ்பரோ இதைத் தீட்டியது ஏற்கெனவே பயன்படுத்திய கேன்வாஸில். உள்ளே வேறொரு ஆணின் தலை இருப்பது எக்ஸ்ரேயில் தெரிந்தது. பையனின் காலடியில் ஒரு வெள்ளை நாயையும் வரைந்து, பிறகு மூடிவிட்டார். பணம் கொடுத்து வரையச் சொன்னவருக்கு இப்படிப் பழைய கேன்வாஸைத் தருவது வழக்கமில்லை. தன் திறமையைக் காட்டத் தானாகவே தீட்டியிருக்கலாம் என்று ஊகிக்க இது இடம் தருகிறது.

கடைசியாக, நிறம். 2018-க்கு முன் எடுத்த புகைப்படத்தைப் பார்த்துவிட்டு ‘பச்சை கலந்த நீலம்’ என்று எழுதாதீர்கள். அது மஞ்சளாகிப்போன பழைய வார்னிஷின் நிறம். 2018 செப்டம்பரில் தொடங்கி பார்வையாளர்கள் முன்னாலேயே ஹன்டிங்டனில் படத்தைச் சுத்தம் செய்தார்கள். நேரில் பார்க்க வாய்த்தால் முதலில் பக்கத்தில் போங்கள். பட்டு என்று நினைத்த இடமெல்லாம் நீலம், சாம்பல், வெள்ளை எனத் தாறுமாறான கீறல்களாக இருக்கும். பிறகு பத்தடி பின்னால் வாருங்கள். கிட்டத்தில் கிறுக்கலாகத் தெரிவது தள்ளி நின்றால் ஏதோ மாயம்போல உருவம் கொள்கிறது என்று சொன்னவரும் ரெனால்ட்ஸ்தான்.