கால்கோள் விழாவும் ஓட்டிசம் உள்ள பிள்ளையும்

யாழ்ப்பாணத்துப் பாடசாலைகளில் தரம் ஒன்றுப் பிள்ளைகளை வரவேற்கும் கால்கோள் விழாவின் பாண்ட் வாத்தியமும் ஒலிபெருக்கியும் கைதட்டலும், ஓட்டிசம் (பிறரோடு பழகுவதிலும் சத்தம், தொடுகை போன்றவற்றை உணர்வதிலும் வேறுபாடு காட்டும் வளர்ச்சி நிலை) உள்ள பிள்ளைக்குப் பெரும் வேதனையாக அமைந்துவிடக்கூடும். ஆகவே வகுப்பாசிரியரிடம் முன்கூட்டியே பேசி, மண்டபம் வெறுமையாக இருக்கும் வேளையில் பிள்ளையை அழைத்துச் சென்று, எங்கே இருப்பது, மாலை யார் போடுவார், சத்தம் பொறுக்காவிட்டால் எந்த வாசலால் வெளியே வருவது என்பவற்றைக் காட்டிவிடுங்கள். மாலை கழுத்தில் உறுத்தினால் கையில் கொடுத்தாலே போதும். சடங்கைவிடப் பிள்ளையே முக்கியம். ஏடு தொடக்கும்போதும், கோயில் நெரிசலுக்குள் விரலைப் பிடித்து அரிசியில் அழுத்தாமல், வீட்டுச் சாமியறையில் பழகிய மடியில் இருத்தி 'அ' எழுத வைக்கலாம்.

மற்றப் பிள்ளைகளோடு ஒப்பிட வேண்டாம். தண்ணீர்ப் போத்தலைத் தானே திறந்ததும், தன் முறை வரும்வரை வரிசையில் நின்றதும் உண்மையான வெற்றிகள். "கெட்டிக்காரன்" என்று பொதுவாகச் சொல்லாமல், "சப்பாத்தை நீயே போட்டாய்" என்று நடந்ததையே சொல்லிப் பாராட்டி, பிள்ளைக்குப் பிடித்த ஒன்றை, அது சைக்கிள் சில்லைச் சுழற்றிப் பார்ப்பதாக இருந்தாலும், அன்றைக்கே ஆசைதீரச் செய்ய விடுங்கள். உறவினருக்குப் படம் அனுப்புவதைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.