பிள்ளை வளர்ப்பில் வீடும் பள்ளியும் விடும் தவறுகள்

"ஒழுங்கு பழகத்தானே பள்ளிக்கு அனுப்புகிறோம்" என்பார்கள் பெற்றோர். ஆசிரியரைக் கேட்டால், "அதெல்லாம் வீட்டில் பழக்க வேண்டியது" என்பார். இப்படி ஆளுக்கு ஆள் தள்ளிவிடுவதுதான் முதல் தவறு. பேச்சு, பாசம், நல்லது கெட்டது எல்லாம் வீட்டில் ஊறுபவை. வீட்டில் செல்லமாக இருக்கும் பிள்ளை, வகுப்பில் பலரில் ஒருவர். வரிசையில் நிற்கவும், விட்டுக்கொடுக்கவும், தோற்கவும் அங்கேதான் பழகுகிறது. ஒன்றின் வேலையை மற்றது செய்ய முடியாது.

கொழும்பில் தரம் 5 புலமைப்பரிசில் பரீட்சை வந்தால் வீடே இன்னொரு வகுப்பறையாகிவிடுகிறது. 1.30க்குப் பள்ளி விட்டதும் டியூஷன், அப்புறம் சாப்பாட்டு மேசையில் மாதிரி வினாத்தாள். அம்மம்மாவோடு கதைப்பது, மாமா வீட்டுக்குப் போவது எல்லாம் "சோதினை முடியட்டும்" என்று தள்ளிப் போகும். விருந்தாளி வந்தாலும் "நீ உள்ளே போய்ப் படி" என்று அனுப்பிவிட்டு, பிறகு "இவன் ஒருவரோடும் பழகுகிறான் இல்லை" என்று குறைப்படுவது அநியாயம்.

"அடித்தாவது திருத்துங்கோ" என்று ஆசிரியரிடம் ஒப்படைப்பதும் வேண்டாம். பாடசாலைகளில் உடல் தண்டனை கூடாதென்று கல்வி அமைச்சு 2005இலேயே சுற்றறிக்கை விட்டது. பிள்ளைக்கு முன்னால் ஆசிரியரை மட்டந்தட்டிப் பேசுவதும் அதே அளவு கெடுதல்.

எனக்கு அதிகம் கவலை தருவது வேறொன்று. தமிழ் மொழிமூலப் பிள்ளையும் சிங்கள மொழிமூலப் பிள்ளையும் வேறு வேறு பள்ளியில் படிக்கிறார்கள்; ஒரே பள்ளியென்றாலும் வேறு வேறு வகுப்பு. இரண்டாம் மொழிப் பாடத்தில் எண்பது புள்ளி எடுத்த பிள்ளை, கடைக்காரர் சிங்களத்தில் ஒன்று கேட்டால் அம்மாவுக்குப் பின்னால் ஒளிகிறது. இதைப் பள்ளி தனியாகச் சரிசெய்யாது. "அவங்களோடு என்ன கதை?" என்று வீட்டில் ஒருமுறை விழும் சொல், பாடப்புத்தகம் சொல்லித்தரும் ஒற்றுமையை அழித்துவிடும்.

கொழும்பின் வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் ஒரே தொடர்மாடியில் எல்லாரும்தான் இருக்கிறோம். சித்திரைப் புத்தாண்டுக்குக் கீழ்வீட்டுச் சிங்களவரிடமிருந்து கிரிபத் (பாற்சோறு) வந்தால், பாத்திரத்தில் நம் பலகாரத்தை வைத்துப் பிள்ளையின் கையிலேயே கொடுத்து அனுப்புங்கள். உடைந்த சிங்களமானாலும் அதுவே பேசட்டும். நீங்கள் பின்னால் நின்று எடுத்துக்கொடுக்க வேண்டாம். ரம்ழானில் கஞ்சி தந்த வீட்டுக்கும் அப்படியே.

பெற்றோர் கூட்டத்தில் புள்ளியைப் பற்றி மட்டும் பேசிவிட்டு எழும்புவதும் பலர் விடும் தவறு. இடைவேளையில் பிள்ளை யாரோடு இருக்கிறது, சாப்பாட்டைப் பகிர்கிறதா, சண்டை வந்தால் என்ன செய்கிறது என்று கேளுங்கள். வகுப்பாசிரியருக்கு மட்டுமே தெரிந்த விஷயங்கள் இவை. அவர் கேட்டால், வீட்டில் பிள்ளை எதற்கு அழுகிறது, எதற்குப் பயப்படுகிறது என்று நீங்களும் மறைக்காமல் சொல்லுங்கள்.