ரிவியூவர்களின் ஓட்டுகளை எண்ணுவது எடிட்டர் வேலை இல்லை

ஆய்விதழுக்குப் புதிதாக எடிட்டர் ஆகியிருக்கிறீர்களா? முதல் வாசிப்பில் கட்டுரையாளர் பெயரையும் பல்கலைக்கழகத்தையும் மறைத்துவிடுங்கள். 'எனக்கு அந்தப் பாரபட்சமெல்லாம் கிடையாது' என்பவருக்குத்தான் இது ரொம்பத் தேவை. நோபல் பரிசு பெற்ற பொருளியலாளர் வெர்னான் ஸ்மித்தும் பெயர் அவ்வளவாகத் தெரியாத சபியு இனுவாவும் சேர்ந்து எழுதிய ஒரே கட்டுரையை 534 பேர் மதிப்பிட்ட சோதனை 2022-ல் வெளியானது. ஸ்மித் பெயரைப் பார்த்தவர்களில் சுமார் 23 சதவீதம் பேர் நிராகரிக்கச் சொன்னார்கள், பெயரே இல்லாமல் படித்தவர்களில் 48, இனுவா பெயரை மட்டும் பார்த்தவர்களில் 65.

அப்புறம், முடிவுகள் பகுதிக்குப் போகாமல் ஆய்வுமுறையை மட்டும் படித்து, கேள்வி என்ன, இந்த முறையால் அதற்குப் பதில் கிடைக்குமா என்று இரண்டு வரி எழுதி வையுங்கள். மூளை ஆய்வு இதழான 'கார்டெக்ஸ்' 2013-லேயே இதை ஒரு திட்டமாகக் கொண்டுவந்தது, தரவு சேகரிக்கும் முன்பே கேள்வியையும் முறையையும் பார்த்துக் கொள்கை அளவில் ஏற்றுவிடுவார்கள், முடிவு எப்படி வந்தாலும் சரி. உங்கள் இதழில் அந்த வசதி இல்லாவிட்டாலும் இந்த இரண்டு வரிக்குச் செலவே இல்லை.

கட்டுரையை மதிப்பிட்டுக் கருத்துச் சொல்லும் துறை வல்லுநர்தான் ரிவியூவர். ஒரு ரிவியூவர் 'போடலாம்', இன்னொருவர் 'வேண்டாம்' என்றால் உடனே மூன்றாவது ஆளைத் தேடாதீர்கள், அது பெரும்பாலும் முடிவெடுக்கப் பயந்து செய்வது. சரிபார்க்க முடிந்த குறை எது என்று பாருங்கள். 'மாதிரி அளவு போதாது' என்று ஒற்றை வரியில் முடித்திருக்கிறாரா? எத்தனை பேர் இருந்தால் போதும் என்று சொன்னாரா? கட்டுரையிலேயே அந்தக் கணக்கு இருந்து அவர் பார்க்காமல் விட்டிருக்கலாம், எடுத்துப் பாருங்கள். 'புதுமை இல்லை' என்றால் முன்பு யார் செய்தார்கள் என்று கேளுங்கள். பதில் வராவிட்டால் அந்த வரிக்கு மதிப்பு இல்லை. ஒருவர் அறிக்கையைப் பெயர் நீக்கி மற்றவருக்குக் காட்டுவதும் நல்லது, பல சண்டை அங்கேயே தீரும்.

இதழின் எல்லைக்குள் வராத கட்டுரையை ஒரு வாரத்தில் திருப்பி அனுப்பிவிடுங்கள்.

முடிவுக் கடிதத்தில் ரிவியூவர்கள் எழுதியதை அப்படியே ஒட்டி அனுப்பாதீர்கள். கட்டாயம் திருத்த வேண்டியது எது, விருப்பம் இருந்தால் செய்யலாம் எது, கண்டுகொள்ளவே வேண்டாம் எது என்று நீங்களே பிரித்து எழுதுங்கள், 'என்னுடைய ஐந்து கட்டுரைகளையும் மேற்கோள் காட்டு' வகையறா அந்தக் கடைசி வரிசைக்கு. திருத்திய பிரதி வந்தால், மாற்றம் சிறியது என்றால், நீங்களே படித்து முடிவு சொல்லிவிடுங்கள்.