பள்ளிகளுக்கான பனிச்சறுக்குப் பந்தயத் தொடர்: குறைந்த செலவில் தொடங்குவது எப்படி?

பள்ளி உணவுக்கூடத்தில் முதல் கூட்டம் நடந்தபோது நாற்காலி போதவில்லை. வந்த பெற்றோர் அனைவரிடமும் ஒரு தாளைக் கொடுத்தோம்: நட்ட கம்பங்களை வளைந்து வளைந்து கடக்கும் ஸ்லாலம் பந்தயத்துக்கு ஒரு ஜோடி ஸ்கி (சறுக்குப் பலகை), அதைவிட அகலமான திருப்பங்கள் கொண்ட ஜெயன்ட் ஸ்லாலமுக்கு இன்னொரு ஜோடி, உடலோடு ஒட்டிய பந்தய உடை, கால் காப்பு, தாடைக் காப்பு, ஸ்கியின் அடியில் தேய்க்க மெழுகுப் பெட்டி. அடுத்த வாரக் கூட்டத்தில் பாதி நாற்காலிகள் காலி. பணமில்லை என்று ஒருவரும் சொல்லவில்லை. ‘பையனுக்கு வாரநாளில் நேரம் கிடைக்காது’ என்றுதான் சொன்னார்கள். அந்தத் தாளைத் தட்டச்சு செய்தவன் நான்.

அமெரிக்க உயர்நிலைப் பள்ளிகளுக்காக இப்படி ஒரு தொடரை ஆரம்பிக்க நினைப்பவர்கள் பெரும்பாலும் நன்கொடை திரட்டுவதில்தான் தொடங்குகிறார்கள். நான் விதிகளில் தொடங்கச் சொல்வேன். எந்தப் பொருள் கட்டாயம், எந்தப் பொருளுக்குத் தடை, புள்ளி யாருக்கு, யார் முதலில் இறங்குவது என்று நீங்கள் எழுதும் இரண்டு பக்கம்தான் செலவைத் தீர்மானிக்கிறது.

படி 1: சின்ன மலையைப் பிடியுங்கள்

கொலராடோவின் வெய்ல் போன்ற பெரிய ரிசார்ட்டுகளில் பருவ உச்சத்தில் ஒருநாள் டிக்கெட்டை வாயிலில் வாங்கினால் 200 டாலரைத் தாண்டிவிடும். பள்ளிப் பந்தயத்துக்கு அவ்வளவு மலை தேவையே இல்லை. 25 முதல் 35 நொடி நீடிக்கும் சரிவு இருந்தால் போதும். மினசோட்டாவின் பக் ஹில் சுமார் 300 அடி உயரம்தான். 2010 வான்கூவர் ஒலிம்பிக்கில் டவுன்ஹில் என்ற அதிவேகப் பந்தயத்தில் தங்கம் வென்ற லிண்ட்சே வான் சிறுமியாகப் பயிற்சி எடுத்தது அங்கேதான், எரிக் சைலர் என்ற பயிற்றுநரிடம். மலை குட்டையாக இருந்தால் மேலே இழுத்துச் செல்லும் கயிற்றைப் பிடித்து உடனே உச்சிக்குப் போய்விடலாம்; ஒரே மாலையில் பலமுறை கம்பங்களுக்கிடையே இறங்கலாம்.

மலை நிர்வாகத்திடம் கேட்க வேண்டியது ஒன்றே: மாலை விளக்கு வெளிச்சத்தில் சறுக்க அனுமதிக்கும் வாரநாட்களில், கூட்டம் மிகக் குறைந்த நாளில், குழுக்கட்டணத்தில் ஒரு சரிவு. காலியாக ஓடும் லிஃப்ட்டில் நாற்பது பிள்ளைகள் ஏறினால் அவர்களுக்கும் லாபம்தான். கூடவே, அங்கே நாஸ்டார் ஓடுதளம் இருக்கிறதா என்று விசாரியுங்கள். 1968இல் தொடங்கிய, பொதுமக்களுக்கான அமெரிக்கப் பந்தயத் திட்டம் அது. அந்த மலைகளில் கம்பமும் நேரக் கருவியும் ஏற்கெனவே இருக்கும். முதல் ஆண்டு அதையே வாடகைக்கு எடுங்கள். சொந்தக் கருவி வாங்கும் ஆசையை அடுத்த ஆண்டுக்குத் தள்ளி வையுங்கள். விரலுக்கேற்ற வீக்கம்.

படி 2: பொருள் பட்டியலை வெட்டுங்கள்

எங்கள் திருத்திய பட்டியல் இதுதான்: ஒரு ஜோடி ஸ்கி, எந்த வகையானாலும் சரி. பொருத்தமான பூட்ஸ். ஹெல்மெட். கையுறை, கண்ணாடி. அவ்வளவே.

பந்தய உடைக்குத் தடை. ‘அணியலாம், கட்டாயமில்லை’ என்று எழுதினால் பயனில்லை. ஒருவர் அணிந்தால் அடுத்த வாரம் பத்துப் பேர் வீட்டில் கேட்பார்கள். சாதாரண ஜாக்கெட்டும் கால்சட்டையும்தான் உடை என்று ஆனதும், தலைத்துணி அணியும் மாணவிக்கும் தயக்கம் போய்விட்டது. ஹெல்மெட்டுக்குள் மெல்லிய துணி இருந்தால் போதும், அளவு மட்டும் சரியாக இருக்க வேண்டும். ஃப்ளோரின் கலந்த மெழுகுக்கும் தடை போடுங்கள். சர்வதேசப் பனிச்சறுக்குச் சம்மேளனமே 2023–24 பருவத்திலிருந்து அதைத் தடை செய்துவிட்டது. பந்தய நாளில் ஒரே மெழுகை எல்லா ஸ்கிகளுக்கும் பொதுவாகத் தேய்த்துவிட்டால் யார் மெழுகு உசத்தி என்ற போட்டியும் முடிந்தது.

இலையுதிர்காலத்தில் பள்ளியிலேயே ஒரு பழைய பொருள் மாற்றுச் சந்தை நடத்துங்கள். வளர்கிற பிள்ளைகளின் பூட்ஸ் ஒரு பருவத்தில் சிறிதாகிவிடும். பரணில் தூங்கும் பொருள் நிறைய.

சிக்கனம் பார்க்கக் கூடாத இடம் ஒன்று உண்டு. நன்கொடையாக வரும் ஸ்கியின் பைண்டிங்கை, அதாவது பூட்ஸைப் பிடித்து விழும்போது விடுவிக்கும் அமைப்பை, வீட்டில் திருகாணி முறுக்கிச் சரிசெய்யாதீர்கள். உயரம், எடை, வயது, பூட்ஸ் அடிப்பகுதியின் நீளம், திறன் ஆகிய ஐந்தையும் பார்த்துப் பயிற்சி பெற்ற தொழில்நுட்பர்தான் அதை அமைக்க வேண்டும். தயாரிப்பாளர் பொறுப்பேற்கும் மாதிரிகளின் பட்டியலில் இல்லாத பழைய பைண்டிங்கைக் கடைக்காரர் தொடமாட்டார். அவரோடு வாதாடாமல் அந்த ஸ்கியைக் கழித்துவிடுங்கள். பழைய பூட்ஸின் பிளாஸ்டிக்கும் வெளிப்பார்வைக்குத் திடமாக இருந்துவிட்டுக் குளிரில் சில்லாக உடையும். ஹெல்மெட்டில் ஏஎஸ்டிஎம் எஃப்2040 அல்லது இஎன் 1077 முத்திரை இருக்க வேண்டும். அடிபட்ட ஹெல்மெட் வேண்டாம்.

படி 3: குட்டைக் கம்பங்கள்

ஸ்லாலமில் திருப்பங்கள் நெருக்கம், ஜெயன்ட் ஸ்லாலமில் அகலம், வேகமும் அதிகம். வழக்கமான ஸ்லாலம் கம்பம் பனிக்கு மேல் ஆள் உயரத்துக்கு நிற்கும். வேகமாகப் போகிறவர்கள் அதைக் காலாலும் கையாலும் இடித்துத் தள்ளிக்கொண்டு போவார்கள்; கால் காப்பு, கைக் காப்பு, தாடைக் காப்பு எல்லாம் தேவைப்படுவது அதனால்தான். முழங்கால் உயரக் குட்டைக் கம்பத்தில் ஓட விட்டால் முகத்தில் அடிபடும் பயமும் இல்லை, அந்த மூன்று காப்புகளின் செலவும் இல்லை. முதல் ஆண்டு முழுக்கக் குட்டைக் கம்பத்திலேயே நடத்துங்கள். ஒவ்வொரு திருப்பத்துக்கும் உள்பக்கக் கம்பம் மட்டும் நட்டால் எண்ணிக்கையும் கிட்டத்தட்டப் பாதியாகும். சிவப்பு, நீலம், சிவப்பு, நீலம் என்று மாற்றி மாற்றி நடுங்கள். முடிவுக்கோட்டுக்குப் பின்னால் நின்று நிதானிக்கத் தாராளமாக இடம் விடுங்கள். அங்கே வலை போடாமல் பந்தயத்தைத் தொடங்கவே கூடாது.

படி 4: புள்ளியும் இறங்கும் வரிசையும்

தொடர் நிலைப்பதும் கலைவதும் இங்கேதான்.

பனிச்சறுக்கு உலகக் கோப்பையில் முதல் இடத்துக்கு 100 புள்ளி, இரண்டாம் இடத்துக்கு 80, முப்பதாம் இடத்துக்கு 1; அதற்குக் கீழே ஒன்றுமில்லை. அதை அப்படியே பள்ளிக்குக் கொண்டுவந்தால் முப்பத்தொன்றாவது பிள்ளை எதற்காகக் குளிரில் நிற்க வேண்டும்? அறுபது பேர் இறங்கினால் முதலாமவருக்கு 60 கொடுங்கள், அடுத்தவருக்கு 59. கடைசியாக முடித்தவருக்கும் புள்ளி உண்டு. பள்ளிக்கு மூன்று மாணவர், மூன்று மாணவியர் புள்ளிகளைக் கூட்டி ஒரே அணிக்கணக்காக வையுங்கள். அமெரிக்கக் கல்லூரிகளின் என்சிஏஏ பனிச்சறுக்குப் போட்டி 1983 முதல் ஆண், பெண் புள்ளிகளைச் சேர்த்துத்தான் ஒரே கோப்பையைத் தருகிறது. 1972இன் டைட்டில் நைன் சட்டப்படி மாணவியருக்குச் சம வாய்ப்புத் தருவது பள்ளியின் கடமை. இந்தக் கணக்கு வந்த பிறகு, மாணவியரைத் தேடிப்போய்ச் சேர்ப்பது அணித்தலைவர்களின் சொந்த அக்கறையாகவே ஆகிவிடுகிறது.

இரண்டு ஓட்டங்களின் நேரத்தைக் கூட்டுவது வழக்கமான முறை. ஒன்றில் விழுந்தால் அன்றைய தினமே போச்சு. தொடக்கநிலையினருக்கு இது கொடுமை. ஒவ்வொரு ஓட்டத்தையும் தனிப் பந்தயமாகக் கணக்கிடுங்கள்.

முன்னேற்றத்துக்கும் ஒரு கணக்கு வேண்டும். பயிற்றுநர் ஒருவர் முதலில் இறங்கி அளவு நேரம் பதிக்கட்டும். அவருக்கு 24 நொடி, ஒரு மாணவிக்கு 30 நொடி என்றால் அவள் 25 சதவீதம் பின்தங்கியிருக்கிறாள். அடுத்த வாரம் ஓடுதளம் கொஞ்சம் நீளம். பயிற்றுநருக்கு 25, அவளுக்கு 29. இப்போது 16 சதவீதம். அவளுடைய இடம் முன்பு நாற்பத்திரண்டு, இப்போதும் நாற்பத்திரண்டாகவே இருக்கலாம். ஆனால் அறிவிப்புப் பலகையில் அந்த 16ஐப் பார்த்துவிட்டுத்தான் வீட்டுக்குப் போவாள். நாஸ்டாரின் அடிப்படையும் ஏறக்குறைய இந்தக் கணக்குதான்.

இனி வரிசை. ஒவ்வொருவர் இறங்கும்போதும் திருப்பங்களில் பனி அரிந்து பள்ளமாகும். முதல் பத்துப் பேருக்கு வழவழப்பான தளம். ஐம்பதாவது ஆளுக்கு வாய்க்கால். வேகமானவர்களை எப்போதும் முன்னால் விட்டால், பலவீனமானவர்களுக்கு எப்போதும் கெட்ட தளம்தான் கிடைக்கும். இரண்டாம் ஓட்டத்தில் வரிசையை அப்படியே தலைகீழாக்குங்கள். மாணவியர், மாணவர் யார் முதலில் என்பதையும் வாராவாரம் மாற்றுங்கள். இடையில் நாலைந்து பேர் ஸ்கியைக் குறுக்காக வைத்துச் சரிந்திறங்கினால் பள்ளம் ஓரளவு மட்டப்படும்.

படி 5: நேரம்

மின் கருவி இருந்தாலும் கைக்கடிகாரக் குழு ஒன்று கட்டாயம் இருக்க வேண்டும். நேரம் பதிக்கும் ஒளிக்கதிரின் குறுக்கே யாராவது நடந்துவிடுவார்கள், ஒருவருடைய நேரம் காணாமல் போகும். அப்போது கைநேரத்தை அப்படியே எழுதாதீர்கள். அவருக்கு முன்னால் இறங்கிய 10 பேரின் கைநேரத்துக்கும் மின்நேரத்துக்கும் உள்ள வித்தியாசத்தின் சராசரியைக் கண்டு, அதைக் கொண்டு அவருடைய கைநேரத்தைத் திருத்துங்கள். சர்வதேச விதியும் அதுவே.

படி 6: எல்லோரும் என்றால் எல்லோரும்

மாற்றுத்திறனாளிப் போட்டிகளில் நின்றபடி, அமர்ந்தபடி, பார்வைக் குறைபாடு என மூன்று பிரிவுகள். குறைபாட்டின் தன்மைக்கேற்ற காரணியால் ஓடிய நேரத்தைப் பெருக்குவார்கள்; அந்த முறையால் உங்கள் பட்டியலிலேயே எல்லோரையும் சேர்த்து வரிசைப்படுத்தலாம். அமர்ந்து சறுக்கும் கருவியின் விலை அதிகம், வாங்க வேண்டாம். மாற்றுத்திறனாளிகளுக்குப் பயிற்சி நடத்தும் மலைகளில் இரவல் கிடைக்கும். எந்த லிஃப்ட் அதற்குத் தோதானது, ஏறும்போது வேகத்தைக் குறைப்பார்களா என்று முந்தைய நாளே ஊழியரிடம் பேசிவையுங்கள். பார்வைக் குறைந்தவருக்கு முன்னால் ஒரு வழிகாட்டி குரல் கொடுத்தபடி இறங்குவார். காது கேளாதவருக்குப் புறப்பாட்டுக் குரல் பயன்படாது. கண்ணெதிரே கையை நீட்டி, எடுத்தால் புறப்பாடு.

படி 7: பந்தய மாலை

ஒவ்வொரு பள்ளியும் இத்தனை தன்னார்வலர் என்று முன்பே ஒப்புக்கொள்ளட்டும். சறுக்கத் தெரியாத பெற்றோரும் கம்பக் காவலராக நிற்கலாம். கையில் ஒரு அட்டை, நாலைந்து கம்பங்களின் பொறுப்பு. இரண்டு ஸ்கிகளின் முனையும் இரண்டு கால்களும் கம்பத்தைச் சரியான பக்கமாகக் கடந்தனவா என்று மட்டும் பார்க்க வேண்டும். யாராவது தவறவிட்டால் எண்ணை எழுதி, அவர் போன தடத்தைப் படமாக வரைய வேண்டும். முறையீடு வந்தால் அந்தக் கிறுக்கல்தான் சாட்சி. பென்சில் கொடுங்கள். முதல் மாலையில் நான் பேனா கொடுத்தேன். மை உறைந்து, காலி அட்டையோடு எட்டுப் பேர் இறங்கி வந்தார்கள்.

முடிந்ததும் எண் அங்கிகளை எண்ணி வாங்கி, அன்றிரவே காயப்போடுங்கள். ஈரத்தோடு பையில் கட்டி வைத்தால் அடுத்த வாரம் அந்தப் பையைத் திறக்க ஒருவரும் முன்வர மாட்டார்கள்.