மூன்று கோப்பு வேண்டாம், ஒரு தாள் போதும்

குன்னூர், கோத்தகிரி பக்கம் தேயிலைத் தொழிற்சாலை நடத்துபவர்களே, ஐ.எஸ்.ஓ. என்ற சர்வதேச அமைப்பின் தரநிலைகளுக்காக, தரத்துக்கு 9001, சுற்றுச்சூழலுக்கு 14001, பணியிடப் பாதுகாப்புக்கு 2018-இல் வந்த 45001 என்று தனித்தனிக் கோப்புகள் வைத்து அலைய வேண்டாம். மூன்றுக்கும் பிரிவு அமைப்பு ஒன்றுதான். எதை எடுத்தாலும் 9.2 உள் தணிக்கை, 9.3 நிர்வாக மறுஆய்வு. ஒரே தணிக்கை, ஒரே கூட்டம் போதும்.

தாள்களை வேலைவாரியாகப் பிரியுங்கள். இலையை நசுக்கிக் கிழித்துச் சுருட்டும் சி.டி.சி. உருளைக்குப் பல் தீட்டுவதையே முதலில் எடுங்கள். உருளையிலிருந்து உதிரும் இரும்புத் துகள் தேயிலையில் கலந்தால் தரம் கெடும். கிலோவுக்கு 250 மில்லிகிராமுக்கு மேல் இருக்கக் கூடாது என்பது உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் வரம்பு. பட்டறையில் சேரும் இரும்புத் தூளும் எண்ணெயும் ஓடையில் இறங்கினால் கீழே இருக்கும் ஊர்களுக்குக் கேடு. தீட்டுபவரின் கண்ணுக்கும் விரலுக்கும் ஆபத்து. இந்த மூன்றையும் ஒரே தாளில் எழுதிப் பட்டறைச் சுவரில் ஒட்டுங்கள்.

எழுதும்போது தீட்டுபவரைக் கட்டாயம் பக்கத்தில் உட்கார வையுங்கள். தொழிலாளரைக் கலந்தாலோசிக்க வேண்டும் என்று 45001 சொல்கிறது. அது சொல்லாவிட்டாலும் அந்த இயந்திரத்தை அவரைவிட நன்றாக அறிந்தவர் யார்?

அடுத்த தாள் உலர்த்திக்கு: வெப்பநிலை, விறகுப் புகை, தீ விபத்து. முதல் தாள் புழக்கத்தில் பழகிய பிறகு அதைத் தொடங்குங்கள்.