கலிபோர்னியாவில் பதினைந்தரை வயதில் ஓட்டுநர் பெர்மிட்: ஆன்லைன் வகுப்பு முதல் பயிற்றுநர் கையெழுத்து வரை

கலிபோர்னியாவில் பிள்ளைக்குப் பதினைந்தரை வயது நிறைவதைப் பல வீடுகளில் நாள் எண்ணிக் காத்திருக்கிறார்கள். அந்த வயதில்தான் மாநில மோட்டார் வாகனத் துறையான டி.எம்.வி.யின் அலுவலகத்தில் பழகுநர் பெர்மிட் கேட்டு விண்ணப்பிக்க முடியும். ஆனால் எந்த வேலையை முதலில் செய்வது, எதை அடுத்துச் செய்வது என்ற வரிசை தெரியாமல் தொடங்கினால் ஒன்றிரண்டு மாதங்கள் வீணாகப் போய்விடும். சென்ற ஆண்டு என் மகளுக்காக இந்தப் படிகளை ஏறி இறங்கியவன் என்ற முறையில், பதினைந்தரை வயதுக்கும் பதினேழரை வயதுக்கும் இடைப்பட்ட பிள்ளைகளுக்கான நடைமுறையை இங்கே வரிசையாக எழுதுகிறேன். பதினேழரை வயதைக் கடந்தவர்களுக்குப் பெர்மிட் வாங்க வகுப்புச் சான்றிதழ் தேவையில்லை என்பதால் அவர்களின் வழி வேறு.

முதற்படி: ஆன்லைன் வகுப்பு

இந்த வயதுப் பிள்ளைகள் ஓட்டுநர் கல்வி வகுப்பை முடித்திருக்க வேண்டும் என்பது கலிபோர்னியாவின் சட்டம். வகுப்பறையில் நடந்தால் 30 மணி நேரப் பாடமாக இருக்கும் அதே கல்வியை ஆன்லைனிலும் படிக்கலாம். படிப்பு முடிந்ததும் நிறைவுச் சான்றிதழ் கிடைக்கும். இங்கே இரண்டு சொற்களைக் குழப்பிக்கொள்ளக் கூடாது. ஓட்டுநர் கல்வி என்பது படிப்பு. ஓட்டுநர் பயிற்சி என்பது உரிமம் பெற்ற பயிற்றுநருடன் சாலையில் வண்டியோட்டும் 6 மணி நேரம். ஆன்லைனில் முதலாவதை மட்டுமே முடிக்க முடியும். விளம்பரத்தில் விலை மலிவாகத் தெரியும் பல வகுப்புகளில் இரண்டாவது சேர்ந்திருக்காது.

பணம் கட்டுவதற்கு முன் அந்தப் பள்ளி டி.எம்.வி.யின் உரிமம் பெற்றதா என்று டி.எம்.வி. இணையதளத்திலேயே தேடிப் பாருங்கள். உரிமம் இல்லாத பள்ளியின் சான்றிதழ் வெறும் காகிதம்தான். சான்றிதழ் எந்த வழியில், எத்தனை நாளில் வந்து சேரும் என்பதையும் அப்போதே கேட்டுவிடுவது நல்லது. பதினைந்தரை வயது நிறைவதற்கு இரண்டு மாதங்களுக்கு முன்பே வகுப்பைத் தொடங்கினால், அவசரமில்லாமல் நாளுக்கு அரை மணி நேரம் படித்து முடிக்க முடியும்.

பக்கங்களை வேகமாகத் தள்ளிக்கொண்டே போய்க் கடைசித் தேர்வை மட்டும் எழுதி முடிக்கும் பிள்ளைகளைப் பார்த்திருக்கிறேன். அப்படிச் செய்தால் சான்றிதழ் கிடைக்கும், ஆனால் டி.எம்.வி.யின் எழுத்துத் தேர்வில் அந்தக் குறை வெளியே வந்துவிடும். டி.எம்.வி. இலவசமாக வெளியிடும் ஓட்டுநர் கையேட்டையும் சேர்த்துப் படிக்கச் சொல்லுங்கள், ஏனெனில் தேர்வுக் கேள்விகள் அந்தக் கையேட்டை ஒட்டித்தான் வருகின்றன.

இரண்டாம் படி: விண்ணப்பமும் ஆவணங்களும்

விண்ணப்பத்தை டி.எம்.வி. இணையதளத்தில் கணக்குத் தொடங்கி நிரப்பிவிட்டு, அதன்பின் அலுவலகத்துக்கு நேரில் செல்ல வேண்டும். அடையாளத்துக்குப் பாஸ்போர்ட் அல்லது பிறப்புச் சான்றிதழ், சமூகப் பாதுகாப்பு எண், கலிபோர்னியாவில் வசிப்பதற்கான சான்றுகள் ஆகியவற்றைத் தயாராக வைத்துக்கொள்ளுங்கள். உள்நாட்டு விமானப் பயணத்துக்கும் அடையாளமாக ஏற்கப்படும் ரியல் ஐடி அட்டையாகக் கேட்டால் வசிப்பிடச் சான்று இரண்டு வேண்டும். பிள்ளையின் பெயரில் மின்கட்டண ரசீது இருக்காது என்பதால், பெற்றோரின் பெயரிலுள்ள சான்றுகளோடு உறவைக் காட்டும் பிறப்புச் சான்றிதழையும் கொண்டுசெல்ல வேண்டும்.

பே ஏரியாவிலும் சான் டியாகோவிலும் எச்4 விசாவில் (வேலை விசாவில் வந்தவரின் குடும்பத்தாருக்கானது) வளரும் தமிழ்ப் பிள்ளைகள் நிறையப் பேர் இருக்கிறார்கள். அவர்களும் விண்ணப்பிக்கலாம். பாஸ்போர்ட்டும் நடப்பிலுள்ள ஐ-94 தாளும் (நாட்டுக்குள் வந்ததையும் தங்க அனுமதித்த தேதியையும் காட்டும் பதிவு) வேண்டும். சமூகப் பாதுகாப்பு எண் பெறத் தகுதியில்லாதவர்களை அதற்காகத் திருப்பி அனுப்புவதில்லை. ஆனால் ரியல் ஐடி அட்டையின் காலம் அவர்கள் நாட்டில் தங்க அனுமதிக்கப்பட்ட தேதியோடு முடிந்துவிடும் என்பதால், விசா நீட்டிப்பு நிலுவையில் இருக்கும் குடும்பங்கள் புதிய ஐ-94 கைக்கு வந்த பிறகு விண்ணப்பிப்பது உத்தமம்.

விண்ணப்பத்தில் பெற்றோர் இடும் கையெழுத்து சடங்குக்காகக் கேட்கப்படுவதன்று. பிள்ளை ஓட்டும்போது விளையும் சேதத்துக்கான பணப் பொறுப்பை ஏற்கிறோம் என்பதே அதன் பொருள். பிள்ளைக்கு 18 வயது ஆகும்வரை, சம்மதத்தைத் திரும்பப் பெற்று உரிமத்தை ரத்து செய்யக் கோரும் உரிமையும் அவர்களுக்கு உண்டு.

மூன்றாம் படி: எழுத்துத் தேர்வு

18 வயதுக்கு உட்பட்டவர்களுக்கு 46 கேள்விகள். அவற்றில் 38 சரியாக இருந்தால் தேர்ச்சி. தவறினால் ஏழு நாட்கள் கழித்தே மறுபடியும் எழுத முடியும். ஒரு விண்ணப்பத்துக்கு மூன்று வாய்ப்புகள் உண்டு, அந்த விண்ணப்பம் 12 மாதங்கள் செல்லும். அதே நாளில் கண் பரிசோதனையும் நடக்கும் என்பதால், கண்ணாடி அணியும் பிள்ளை அதை வீட்டில் மறந்துவிட்டு வரக் கூடாது. மாலை 4.30 மணிக்குப் பிறகு தேர்வைத் தொடங்க விடமாட்டார்கள். பள்ளி விட்டதும் போகலாம் என்று நினைப்பவர்கள் இதைக் கணக்கில் கொள்ள வேண்டும்.

பிள்ளைகள் அதிகமாகத் தடுமாறும் இடங்கள் சில உண்டு. சாலையோர விளிம்புக் கல்லின் நிறங்களை எடுத்துக்கொள்ளுங்கள்: வெள்ளை என்றால் ஆளை ஏற்றி இறக்கும் நேரம் மட்டும், பச்சை என்றால் குறிப்பிட்ட நிமிடங்கள் மட்டும், சிவப்பு என்றால் நிற்கவே கூடாது, நீலம் மாற்றுத்திறனாளிகளுக்கு. சரிவில் வண்டியை நிறுத்தும்போது முன்சக்கரத்தை எந்தப் பக்கம் திருப்பி வைப்பது என்பது இன்னொன்று. இறக்கத்தை நோக்கி நிறுத்தினால் விளிம்புக் கல்லின் பக்கமும், ஏற்றத்தை நோக்கி நிறுத்தினால் கல்லுக்கு எதிர்ப்பக்கமும் திருப்ப வேண்டும். கல்லே இல்லாத இடத்தில் ஏற்றமானாலும் இறக்கமானாலும் சாலையின் ஓரத்தை நோக்கித் திருப்ப வேண்டும். பிரேக் விட்டுப்போனாலும் வண்டி சாலையின் நடுவுக்கு உருண்டு வரக் கூடாது என்பதே காரணம். காரணத்தைச் சொல்லிக்கொடுத்தால் மனப்பாடம் செய்ய வேண்டிய தேவை இருக்காது. சான் பிரான்சிஸ்கோவின் செங்குத்தான தெருக்களில் ஒருமுறை நடந்து, நிறுத்தியிருக்கும் வண்டிகளின் சக்கரங்களைப் பார்த்துவிட்டு வந்தாலே பாடம் மனதில் பதிந்துவிடும்.

குறுக்கு நடைபாதையை நெருங்கும் திசையில் அதிலிருந்து 20 அடிக்குள் வண்டி நிறுத்தக் கூடாது என்ற விதியை மீறினால் 2025 முதல் அபராதம் விதிக்கப்படுகிறது. பழைய வினாத் தொகுப்புகளை மட்டும் நம்பிப் படிப்பவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

நான்காம் படி: பலரும் தவறவிடும் கையெழுத்து

எழுத்துத் தேர்வில் தேறியதும் பெர்மிட் கொடுக்கிறார்கள். என் மகள் தேறிய அன்று மாலையே, வீட்டருகிலிருந்த காலியான பார்க்கிங் திடலுக்கு அவளை அழைத்துச் சென்று இருக்கையை முன்னுக்குத் தள்ளி, கண்ணாடிகளைச் சரிசெய்து, சாவியைக் கையில் கொடுத்தேன். அவளோ வண்டியைக் கிளப்பாமல் மடியில் விரித்து வைத்திருந்த தாளைப் படித்துக்கொண்டிருந்தாள். "அப்பா, இதுல டிரைவிங் ஸ்கூல் கையெழுத்து போடணும்னு இருக்கே. அது வரைக்கும் ஓட்டக் கூடாதாம்" என்றாள். கையெழுத்துக்கான இடம் வெறுமையாக இருந்தது. இடம் மாறி உட்கார்ந்து நானே வண்டியை வீட்டுக்கு ஓட்டி வந்தேன்.

அவள் படித்துச் சொன்னதே சரி. உரிமம் பெற்ற பயிற்றுநருடன் முதல் பயிற்சியைத் தொடங்கும் வரை, அல்லது பதினேழரை வயது ஆகும் வரை, அந்தப் பெர்மிட் செல்லாது. அந்த முதல் வகுப்பில் பயிற்றுநர் கையெழுத்திட்ட பிறகே பெற்றோருடன் ஓட்டிப் பழகலாம். கோடை விடுமுறையில் பயிற்றுநர்களின் நேரம் கிடைப்பது கடினம் என்பதால், எழுத்துத் தேர்வுக்கு நாள் குறிக்கும்போதே முதல் பயிற்சி வகுப்புக்கும் நாள் குறித்துவிடுங்கள். இந்த ஒன்றை மட்டும் முன்பே அறிந்திருந்தால் எங்களுக்கு மூன்று வாரங்கள் மிச்சமாகியிருக்கும்.

உங்கள் வண்டியில் பிள்ளை ஓட்டப் போவதைக் காப்பீட்டு நிறுவனத்துக்கும் அப்போதே தெரிவியுங்கள்.

ஐந்தாம் படி: 50 மணி நேரம்

பயிற்றுநருடன் ஓட்டும் 6 மணி நேரத்தைத் தவிர, குறைந்தது 50 மணி நேரம் குடும்பத்துடன் ஓட்டிப் பழக வேண்டும். அதில் 10 மணி நேரம் இரவில் ஓட்டியதாக இருக்க வேண்டும். அருகில் அமர்பவர் 25 வயது நிறைந்த, கலிபோர்னியா உரிமம் உள்ளவராக, தேவைப்பட்டால் உடனே வண்டியைத் தம் வசம் எடுக்கக்கூடிய இடத்தில் இருக்க வேண்டும். பெர்மிட்டை வைத்துக்கொண்டு தனியாக ஓட்ட எந்தச் சூழ்நிலையிலும் அனுமதி இல்லை. ஓட்டுநர் தேர்வுக்காக டி.எம்.வி. அலுவலகத்துக்குப் போவதற்கும் இது பொருந்தும்.

நம்மூரில் எட்டுப் போட்டு லைசென்ஸ் வாங்கி, இடப்பக்கம் ஓட்டிப் பழகி இங்கு வந்த பெற்றோர், இந்த 50 மணி நேரத்தைத் தொடங்குமுன் கையேட்டைத் தாங்களும் ஒருமுறை முழுமையாகப் படிக்க வேண்டும் என்று அழுத்தமாகச் சொல்வேன். நாற்சந்தி ஸ்டாப் பலகையில் நான் முழுதாக நிற்காமல் மெல்ல உருண்டு போவதை ஆண்டுக்கணக்கில் பின்னிருக்கையிலிருந்து பார்த்தவள் என் மகள். அதனால் முதல் வாரத்தில் அவளும் அப்படியே உருட்டினாள். அதன்பின் நாங்கள் இருவரும் ஒரு பழக்கம் வைத்துக்கொண்டோம்: வெள்ளைக் கோட்டுக்கு முன் சக்கரம் முற்றிலும் நின்ற பிறகு இடம், வலம், மறுபடி இடம் என்று வாய்விட்டுச் சொல்லிப் பார்த்தபின்தான் நகர்வது. முதலில் வந்து நின்றவர் முதலில் போகலாம். இருவர் ஒரே நேரத்தில் வந்தால் வலப்பக்கம் நிற்பவருக்கு வழிவிட வேண்டும். இதைக் குடியிருப்புத் தெருக்களில் நாற்பது ஐம்பது முறை செய்த பிறகே பெரிய சாலைக்குப் போனோம். ஃப்ரீவேயைக் கடைசியாக வைத்துக்கொண்டோம்.

ஓட்டிய நாள், நேரம், பகலா இரவா, மழையா வெயிலா என்று ஒரு நோட்டில் எழுதி வாருங்கள். 50 மணி நேரம் முடிந்ததாகப் பெற்றோர்தாம் உறுதியளித்துக் கையெழுத்திட வேண்டும். ஓட்டாத நேரத்தை எழுதினால் ஏமாறுவது டி.எம்.வி. அன்று, உங்கள் பிள்ளைதான்.

அடுத்து வருவது

பெர்மிட் கையில் வந்து ஆறு மாதங்கள் ஆகி, வயது 16 நிறைந்திருந்தால், ஓட்டுநர் தேர்வுக்குச் செல்லலாம். அதில் தவறினால் மறு தேர்வுக்கு இரண்டு வாரங்கள் காத்திருக்க வேண்டும். தேறினால் கிடைப்பது தற்காலிக உரிமம். அதன் முதல் 12 மாதங்களில் இரவு 11 மணி முதல் காலை 5 மணி வரை தனியாக ஓட்டக் கூடாது; பெற்றோரோ 25 வயது நிறைந்த உரிமதாரரோ உடனில்லாமல் 20 வயதுக்குட்பட்ட எவரையும் ஏற்றக் கூடாது. தம்பி தங்கையும் இந்தக் கணக்கில் சேர்வார்கள். வேறு போக்குவரத்து வசதி இல்லாமல் தம்பியை வகுப்புக்கு அழைத்துச் சென்றே ஆக வேண்டும் என்றால், காரணத்தையும் அத்தேவை எந்தத் தேதி வரை இருக்கும் என்பதையும் எழுதிப் பெற்றோர் கையெழுத்திட்ட கடிதத்தைப் பிள்ளை வண்டியில் வைத்திருக்க வேண்டும்.