கணனியை நிறுத்துவதில் நாம் விடும் பிழைகள்

கொழும்பு வெள்ளவத்தையில் எங்கள் தொடர்மாடி வீட்டில் இரவு பத்து மணியானால் அப்பா அறை அறையாகப் போய்ச் சுவர் சுவிட்சுகளை நிறுத்துவார். டிவி, போன் சார்ஜர், கடைசியில் கணனி. ஒருநாள் இரவு விண்டோஸ் அப்டேட் 35 வீதத்தில் நின்றது. 'கணனியை நிறுத்த வேண்டாம்' என்று திரையிலேயே இருந்தது. அப்பா கவனிக்கவில்லை, சுவிட்சை நிறுத்திவிட்டார். மறுநாள் விண்டோஸ் ஏறவே இல்லை. தங்கையின் ஏ.எல். நோட்ஸை மீட்டெடுக்க மூன்று நாள் ஆனது.

கணனியை எந்நேரமும் ஓட விடலாமா, நிறுத்த வேண்டுமா என்று பலர் கேட்கிறார்கள். நான் பார்த்தவரை சேதம் வருவது ஓடுகிற கணனியில் கரண்டை அறுப்பதால்தான். இரவில் தாராளமாக நிறுத்துங்கள். ஆனால் ஷட் டவுன் கொடுத்து, விசிறிச் சத்தம் அடங்கி, பெட்டியின் விளக்கும் அணைந்த பிறகு சுவர் சுவிட்சுக்குப் போங்கள். பவர் பட்டனை நாலைந்து விநாடி அழுத்திப் பிடிப்பதும் கரண்டை அறுப்பது போலத்தான். கணனி முற்றாக உறைந்துபோனால் மட்டும் அதைச் செய்யலாம்.

அடிக்கடி போட்டு நிறுத்தினால் பழுதாகும் என்ற பயம் இன்னும் போகவில்லை. நாளுக்கு ஒருமுறை என்றால் பத்து வருடத்தில் 3,650 தடவை. சுழலும் ஹார்ட் டிஸ்க்கே அதைவிடப் பல மடங்கு தாங்கும்படி செய்யப்பட்டது. புதிய கணனிகளில் டிஸ்க்குக்குப் பதிலாக வரும் எஸ்.எஸ்.டி.யில் சுழல ஒன்றுமே இல்லை.

மாறாக, சும்மா ஓட விட்டால் பில்லில் தெரியும். வேலையில்லாமல் நிற்கும் மேசைக் கணனி 60 வாட்ஸ் இழுக்கிறது என்று வையுங்கள். நாளுக்கு 14 மணிநேரம் அப்படி நின்றால் மாதம் 25 யூனிட். நம் நாட்டில் மாதப் பாவனை 60 யூனிட்டைத் தாண்டினால் முதல் யூனிட்டின் விலையே மாறும், நிலையான கட்டணமும் ஏறும். சின்னக் குடும்பத்தை அந்தக் கோட்டுக்கு மேலே தள்ள இந்த 25 போதும். ஸ்கிரீன் சேவர் கரண்டை மிச்சம் பிடிக்காது. அது பழைய குழாய்த் திரைகளுக்காக வந்தது.

பகலில் ஒரு மணிநேரம் எழுந்து போவதற்கு ஸ்லீப் போதும், சில வாட்ஸ்தான் செலவாகும். ஆனால் ஸ்லீப்பில் நீங்கள் திறந்து வைத்த வேலை, கரண்ட் இருக்கும்வரை மட்டும் தாங்கும் நினைவகத்தில்தான் நிற்கிறது. மேசைக் கணனியில் கரண்ட் போனால் சேமிக்காதது அதோடு போய்விடலாம். 2022இன் நீண்ட மின்வெட்டுக்காவது நேர அட்டவணை இருந்தது. 2025 பெப்ரவரி 9ஆம் திகதி நாடே இருண்டபோது யாருக்கும் முன்கூட்டித் தெரியாது. அதனால் எழும்போது சேமித்துவிட்டு எழும்புங்கள். கரண்ட் போனதும் பற்றரியில் சில நிமிடம் கணனியை ஓட விடும் யூ.பி.எஸ். பெட்டி இருந்தாலும் அந்தச் சில நிமிடங்கள் சேமித்து நிறுத்துவதற்குத்தான், தொடர்ந்து வேலை செய்வதற்கு அல்ல.

மார்ச், ஏப்ரல், அப்புறம் ஒக்டோபர், நவம்பர் மாலைகளில் இடி முழங்கும்போது சுவிட்சை மட்டும் நம்பாதீர்கள். சுவிட்சுக்குள் இருக்கும் சின்ன இடைவெளியை மின்னல் தாண்டிவிடும். மழை தொடங்கும் முன்பே பிளக்கைக் கழற்றுங்கள். ரவுட்டருக்குச் செம்புத் தொலைபேசி வயர் வந்தால் அதையும் கழற்றுங்கள், பலர் மறப்பது அதைத்தான்.

இன்னொன்று, பலருக்குத் தெரியாதது. மேல்மாடி அன்ரி ஒருநாள், "ஒவ்வொரு நாளும் நிறுத்திறன் தம்பி, அப்பவும் இழுத்து இழுத்துத்தான் வேலை செய்யுது" என்றார். விண்டோஸின் டாஸ்க் மேனேஜரில் 'அப் டைம்', அதாவது கடைசியாகப் புதிதாகத் தொடங்கியதிலிருந்து எவ்வளவு காலம் என்று பார்த்தேன்: 23 நாள்! விண்டோஸ் 8 காலத்திலிருந்து வரும் 'ஃபாஸ்ட் ஸ்டார்ட்டப்' வசதியின் வேலை அது. ஷட் டவுன் கொடுத்தாலும் விண்டோஸின் உட்பகுதி முழுதாக மூடப்படாமல் டிஸ்க்கில் எழுதி வைக்கப்படுகிறது. மறுநாள் அதே பழைய நிலை திரும்பி வருகிறது. ரீஸ்டார்ட் கொடுத்தால்தான் எல்லாம் புதிதாகத் தொடங்கும். அன்ரியின் கணனிக்கு அதைக் கொடுத்தோம், 'அப் டைம்' பூச்சியத்திலிருந்து எண்ணத் தொடங்கியது. இப்போது ஞாயிறுதோறும் அவரே கொடுக்கிறார்.